ஆட்சேபனை வரிசை

மருத்துவமனை லாண்டரியில் காலை பத்தரைக்குள் நானூறு படுக்கை விரிப்புகள் இஸ்திரி உருளையைத் தாண்டியாக வேண்டும். இயந்திரத்தின் முன்பக்கம் இரண்டு பேர் ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் உள்ளே விடுவார்கள். கொதிக்கும் உருளை அதை இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் மொடமொடவென்று துப்பும். பின்பக்கம் நிற்பவர்கள் கை சுடச்சுட அதைப் பிடித்து மடிக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அங்கே நிற்பவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது மாதத்துக்கு ஒருமுறைதான் தேவைப்பட்டது. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் சொல்லிக் கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்.

"மூலையும் மூலையும் ஒட்டணும். ஒட்டலேன்னா பிரிச்சுத் திரும்ப மடி. நோயாளி ஒண்ணும் சொல்லமாட்டான். நான் சொல்லுவேன்."

அன்றைக்கு அவள் கையிலேயே மூலை ஒட்டவில்லை. சரக்கு வாசலில், அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில், தம்பி பெண்டாட்டி வந்து நின்றிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நினைத்திருந்தால் மடிப்பக்கா மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. நிற்கட்டும் என்றுதான் விட்டாள். தேநீர் மணி அடித்த பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகப் போனாள்.

"சாப்பிட்டீங்களா அண்ணி?"

"டீக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் விடுவாங்க. விஷயத்தைச் சொல்லு."

தம்பி பெண்டாட்டியின் விரல் நுனிகள் வெளுத்து ஊறிப் போயிருந்தன. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவப் போவதாக யாரோ சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. பாட்டில் கம்பெனி உலையை அணைத்து எட்டு மாதம் ஆகிறது. அங்கே ஷிப்டு சூப்பர்வைசராக விசில் ஊதிக்கொண்டிருந்த தம்பி, இப்போது கிடங்குகளில் தினக்கூலிக்குப் பெட்டி தூக்குவதாகவும் கேள்வி.

"வீட்டுக் கேட்டு மேல பேங்குக்காரங்க நோட்டீஸ் ஒட்டிட்டாங்க அண்ணி. இப்போ கவர்மெண்டுல அறிவிச்சிருக்காங்கல்ல, வேலை போனவங்களுக்கு ஒன்றரை வருஷத்துக்கு வீட்டுத் தவணையை அவங்களே கட்டறதா. அதுக்கு எழுதிப் போட்டோம். பேரு லிஸ்டுல வந்திருச்சு. ரத்த சொந்தம் ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். இவங்க கஷ்டம் நிஜம்தான், எங்களாலயும் உதவ முடியாதுன்னு. அவருக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? வெள்ளிக்கிழமை கடைசி நாளு."

மடிப்பக்கா உறையை வாங்கவில்லை.

"அவன் எங்கே?"

"அவரு… கிடங்குல கூப்பிட்டிருந்தாங்க."

"கையெழுத்து யாருக்கு வேணும்? உனக்கா, அவனுக்கா?"

"அண்ணி…"

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஒம்போது வருஷமா கல்யாணம் சாவு தவிர என் மூஞ்சியில முழிக்காதவன், பொண்டாட்டியை அனுப்பி நோட்டம் பாக்கறான் பாரு, அதான் எரியுது. அவனை வரச்சொல்லு. வாயைத் திறந்து கேக்கச் சொல்லு."

அவள் போன பிறகு தேநீர் ஆறிப்போயிருந்தது. மடிப்பக்கா அதை அப்படியே சாக்கடையில் ஊற்றினாள்.

விஷயம் அதற்குள் உருளை வரைக்கும் வந்துவிட்டது. லாண்டரியில் சத்தம் அதிகம், ஆனால் ரகசியம் தங்காது. சலவை டிரம்களைப் பார்த்துக்கொள்கிற டிரம் அண்ணன்தான் ஆரம்பித்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் வாடகை வீட்டுல இருக்கேன். மாசம் பொறந்தா வீட்டுக்காரன் வந்து நிக்கறான். எனக்கு எவன் கட்டறான்? என் சம்பளத்துல புடிக்கற வரியை எடுத்து, மாடி வச்ச வீட்டுக்காரனுக்குத் தவணை கட்டுவாங்களாம். இது எந்த ஊரு நியாயம்?"

முன்பக்கத்தில் விரிப்பை விடுகிறவளுக்கு ராகம் என்று பட்டப்பெயர். எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். முணுமுணுப்பை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்:

"போன வருஷம் அந்தப் பேங்கு கவுந்துச்சே அண்ணே, அதை எவன் காசுல தூக்கி நிறுத்தினாங்க? அப்போ உங்க வரி எங்கே போயிருந்துச்சு, பொறந்த வீட்டுக்கா?"

"அது பெரிய இடத்து சமாச்சாரம்."

"பெரிய எடம்னா வாயை மூடிக்குவீங்க. பக்கத்து வீட்டுக்காரன்னா நியாயம் பேசுவீங்க."

"அதுக்காக? கஷ்டப்பட்டுக் கடனைக் கட்டி முடிச்சவன் இளிச்சவாயனா? சொல்லுங்க அக்கா. நீங்களே சொல்லுங்க."

'இளிச்சவாயனா' என்ற சொல் காதில் விழுந்ததும் மடிப்பக்காவின் கை நின்றுவிட்டது. உருளை துப்பிய இரண்டு விரிப்புகள் தரையில் விழுந்தன. மேஸ்திரி கத்தினார்.

அந்தச் சொல்லை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூட மண்டபத்தில், நூறு பேர் முன்னால், தன் தம்பியின் வாயால்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் புருஷனுக்கும் சொந்த வீடு இருந்தது. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே தகரக் கூரை போட்ட மாடி. அவள் புருஷன் வெல்டர். மாடிப்படிக்கு அவரே கைப்பிடி அடித்து, வாரக் கணக்கில் வழவழவென்று தேய்த்திருந்தார். ஒருநாள் வேலை செய்யும் இடத்தில் சாரம் சரிந்து இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு. ஏழெட்டு மாதம் படுக்கை. கான்ட்ராக்டர் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர், பிறகு போனை எடுக்கவில்லை. அதே சமயத்தில் பேங்கும் வட்டியை ஏற்றியது. அந்தத் தெருவிலேயே ஐந்து வீடு தடுமாறியது. வார்டு நிதியில் பேரிடருக்கென்று ஒதுக்கி வைத்த பணம் கிடந்தது. அதிலிருந்து இந்த ஐந்து பேருக்கும் ஆறு மாதத் தவணையைக் கட்டிக் கொடுங்கள், பிறகு திருப்பித் தருகிறோம் என்று ஒரு மனு எழுதினார்கள். குடியிருப்போர் சங்கம் ஒப்புக்கொண்டால் வார்டும் ஒப்புக்கொள்ளும் என்று நிலைமை. சங்கத்துக்குச் செயலாளர் அவள் தம்பி.

அவன் எழுந்து நின்றதும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நம்ம பையன் பேசப் போகிறான் என்று பக்கத்தில் இருந்தவளின் கையைக்கூட அழுத்தினாள்.

"என் சொந்த அக்கா பேரும் இதுல இருக்கு. அதனாலதான் நான் பேசணும். கடன் வாங்கினவங்க கட்டணும். தகுதி தெரிஞ்சு வாங்கணும். பொதுப் பணத்தை எடுத்துக் கொடுத்தா, வயித்தைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை அடைச்சவன் எல்லாம் இளிச்சவாயனா? எனக்கு அக்கான்னும் ஒண்ணுதான், ஊருன்னும் ஒண்ணுதான்."

கைதட்டினார்கள். அதைத்தான் அவளால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. கூடப் பிறந்தவனே இப்படிச் சொல்கிறான், பிறகு நமக்கென்ன என்று மண்டபம் முழுக்கக் கை தூக்கி மனுவைத் தள்ளிவிட்டது. மூன்றாம் மாதம் வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து விடாமல் மழை. படுக்கையில் கிடந்த மனுஷனை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி வந்து, எதிரிலிருந்த கடையின் தாழ்வாரத்தில் இறக்கினார்கள். சாமான்கள் தெருவில் நனைந்தன. மகளுக்கு அப்போது எட்டு வயது. புத்தகப் பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். தம்பி அந்தப் பக்கமே வரவில்லை. மறுநாள் ஆள் மூலம் ஒரு பை அரிசி அனுப்பினான். அவள் அதைத் திருப்பி அனுப்பினாள்.

இப்போது அவர்கள் இருப்பது ஒரு டயர் கடைக்கு மேலே, வாடகைக்கு. நாள் முழுக்கக் கீழே காற்றடிக்கிற சத்தம். கோடையில் ரப்பர் வாசனை சோற்றில்கூட ஏறிவிடும். அவள் வேலை முடிந்து படியேறியபோது புருஷன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கார் நிறுத்துமிடத்தில் காவல் வேலை அவருக்கு. குனிய முடியாது, ஓட முடியாது. திருடன் வந்தால் கதை சொல்லித்தான் பிடித்து வைக்க வேண்டும் என்பார்.

"உன் தம்பி போன் பண்ணான்," என்றார்.

"உங்களுக்கா? எவ்வளவு தைரியம்! என்ன சொன்னான்?"

"மாமா சௌக்கியமான்னான். இடுப்பு எப்படி இருக்குன்னான். இருக்கற எடத்துலதான் இருக்கு மாப்ளேன்னேன்."

"சிரிக்காதீங்க. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது."

"கையெழுத்துதானே. போட்டுட்டு வந்துரு."

அவள் பையைச் சுவரோரம் வீசினாள். டிபன் டப்பா உருண்டு மூடி கழன்றது.

"போட்டுட்டு வந்துரவா? உங்களை நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வந்தாங்களே, அது மறந்து போச்சா? எனக்கு எதுவும் மறக்கல. நாற்காலியோட வலது கால் ஆடிக்கிட்டு இருந்துச்சு, விழுந்துருவீங்களோன்னு பக்கத்துலயே புடிச்சுக்கிட்டு வந்தேன். அதுகூட மறக்கல."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண்ணில் நீர் இருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"எனக்குக் கோபம் இல்லேன்னு யாரு சொன்னா? ஆனா இந்த இடுப்பைத் தூக்கிக்கிட்டு நடக்கறதே பெரும்பாடா இருக்கு. அதுக்கு மேல உன் தம்பியையும் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல. நீ சுமக்கறதுன்னா சும. நான் தடுக்க மாட்டேன்."

மறுநாள் சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை, தம்பி வந்தான். டயர் கடைக்காரரிடம் வழி கேட்கிற குரல் மேலே கேட்டது. ஒன்பது வருஷத்தில் அக்கா வீட்டுக்கு வழி தெரியாதவன். படியேறி வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். பெட்டி தூக்கித் தூக்கித் தோள்பட்டையில் சட்டை நைந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு ஒரு கணம் தழைந்தது. அப்படித் தழைந்ததற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"உள்ள வாடா மாப்ளே," என்றார் புருஷன். உட்காரச் சொல்லி நாற்காலியை நகர்த்தினார். அவன் உட்காரவில்லை.

"அக்கா, அவ சொல்லியிருப்பா."

"நீ சொல்லு."

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா ஏலம் போட்டுருவாங்க. பிள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கு."

"என் பிள்ளையும் அப்போ பள்ளிக்கூடம்தான் போயிட்டு இருந்தா."

கீழே ஒரு டயர் 'டப்'பென்று விளிம்பில் உட்கார்ந்தது.

"என்னமோ நான் பிச்சை கேக்கற மாதிரி பேசாதே அக்கா. இருபத்திரண்டு வருஷம் வரி கட்டியிருக்கேன். சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே புடிச்சுக்குவாங்க. அதுல ஒரு பங்கைத்தான் திருப்பிக் கேக்கறேன். இது சட்டம் போட்டுக் குடுக்கறது."

"நாங்க வரி கட்டலையா? உங்க மாமா வாங்கற மருந்துக்குக் கட்டறோம், துணி தோய்க்கற சோப்புக்குக் கட்டறோம். அப்போ மட்டும் அது ஊரு பணம், இப்போ உன் பணமா?"

"அப்போ இந்தச் சட்டம் இல்ல."

"மனசு இருந்துச்சா?"

"அக்கா, என்ன பண்ணச் சொல்றே? கால்ல விழவா? விழறேன்."

"கால்ல விழ வேணாம். அன்னிக்கு நான் பேசினது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லு. எழுந்து போய் இப்பவே கையெழுத்து போட்டுத் தர்றேன்."

சொல்லிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் புருஷனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவர் முகம் முன்கூட்டியே இளகியிருந்தது. தம்பி தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் சொன்னான்:

"அன்னிக்கு எனக்கு நியாயம்னு பட்டதைச் சொன்னேன். ரெண்டையும் ஒண்ணாப் பாக்காதே அக்கா. நான் ஒரு தப்பும் பண்ணல. கம்பெனி மூடிட்டான். உங்களது அப்படி இல்ல. மாமாவோடது நிரந்தரம் இல்லாத வேலை, அதை நம்பி தகுதிக்கு மீறி…"

"உங்க மாமா சாரத்துலேர்ந்து குதிச்சாராடா?"

"நான் அப்படிச் சொல்லல…"

"வெளியே போ."

"அக்கா…"

"போடா வெளியே! உனக்கு வந்தா விதி, எங்களுக்கு வந்தா திமிரா? படியிறங்கு! நானும் வெள்ளிக்கிழமை வார்டு ஆபீசுக்கு வர்றேன். எந்த வரிசையில நிக்கறேன்னு பாரு!"

அவன் இறங்கிப் போனான். பிளாஸ்டிக் உறையை மட்டும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் புருஷன் நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார்.

அவள் சும்மா சொல்லவில்லை. திட்டத்தில் பெயர் வந்தவர்களின் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வரி செலுத்துகிற எவரும், இன்னாருக்கு வசதி இருக்கிறது, இவருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆட்சேபனை எழுதிக் கொடுக்கலாம். அதற்குத் தனி ஜன்னல், தனி வரிசை. வெள்ளிக்கிழமை காலை அரை நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று லீவு சொல்லிவிட்டு மடிப்பக்கா போய் அந்த வரிசையில் நின்றாள். கைப்பைக்குள் அந்த உறையும் இருந்தது. அதை ஏன் எடுத்து வந்தாள் என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

அலுவலகத்துக்குள் மின்விசிறி ஒன்றுதான் சுழன்றது. அதுவும் குமாஸ்தாக்களின் பக்கம். இடப்பக்கம் விண்ணப்பக்காரர்கள். சத்தமே இல்லை. ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி, காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வரிசையின் நடுவில் தம்பி; கையெழுத்துக்கு இன்னும் அவகாசம் கேட்க வந்திருப்பான். அவளைப் பார்த்தான். அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பதையும் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வலப்பக்கம் ஒரே கலகலப்பு. மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சங்கத்து ஆட்களும் இரண்டு பேர். ஒரு காலத்தில் தம்பியின் இரண்டு தோளிலும் கை போட்டுக்கொண்டு அலைந்தவர்கள்.

"அந்தப் பொண்ணு காதுல பாருங்க. தோடு மின்னுது. இதுக்குத் தவணை கட்ட முடியாதாம்."

"போன் வச்சிருக்கு பாருங்க."

"நமக்கெல்லாம் யாரு சார் கட்டினா? நான் மூணு வருஷம் செருப்பு மாத்தாம கடனை அடைச்சேன்."

வாத்தியார் சொன்னதில் பொய் இல்லை. அவர் கால்களைப் பார்த்தால் இன்றைக்கும் தெரிந்தது. அவர்மேல் மடிப்பக்காவுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் தோடு என்ற பேச்சு வந்ததும் அவளுக்குத் தன் காது குறுகுறுத்தது. அந்த மண்டபத்திலும் யாரோ அவள் காதைப் பற்றித்தான் பேசினார்கள்.

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வரிசை நெடுக விசாரித்துக்கொண்டே வந்தார். கக்கத்தில் தடிமனான ஒரு கட்டு.

"ஆட்சேபனையாம்மா? நீங்க எழுதவே வேணாம். எல்லாம் நிரப்பியே வச்சிருக்கேன். எந்த வீடுன்னு சொல்லுங்க, கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

அவள் தம்பி வீட்டுக் கதவு எண்ணைச் சொன்னாள். அவர் விரலை நாக்கில் தொட்டுக் காகிதங்களைப் புரட்டினார். ஐம்பது அறுபது இருக்கும்.

"இதோ. நல்ல வீடும்மா. கார்னர் மனை." உருவி நீட்டினார்.

மடிப்பக்கா வாசித்தாள். தம்பியின் பெயர். முகவரி. கீழே, ஆட்சேபனைக்கான காரணம் என்ற இடத்தில் அழகாக டைப் அடித்திருந்தது: இவருடைய சகோதரி அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில், வசதியுடன் உள்ளார். கடனை அவரே செலுத்த முடியும். எனவே பொதுப் பணத்தை இவருக்கு வழங்கக் கூடாது.

அவள் இரண்டாம் முறையும் வாசித்தாள். பதினெட்டு வருஷமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. டயர் கடை மாடி. சகோதரி, வசதியுடன் உள்ளார்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

"விசாரிச்சுத்தான்மா போடறோம். சும்மா போட்டா நிக்காதுல்ல?"

"இத்தனை வீட்டு மேலயும் உங்களுக்கு என்ன கோபம்?"

அவர் சிரித்தார். நல்ல மனுஷச் சிரிப்பு. "கோபம் என்னம்மா? தொழில். ஏலத்துக்கு வர்ற வீட்டை எடுத்து விக்கறோம். இவங்களுக்கெல்லாம் கவர்மெண்டு கட்ட ஆரம்பிச்சா நாங்க எங்கே போறது?"

"எத்தனை வருஷமா?"

"ஆச்சு, பன்னெண்டு வருஷம்."

"பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒரு வீடு. மாடிப்படிக்கு இரும்புக் கைப்பிடி போட்டது. நீங்க எடுத்தீங்களா?"

அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"எடுத்திருக்கலாம்மா. எவ்வளவோ எடுத்தோம். எது ஞாபகம் இருக்கு?"

மடிப்பக்கா அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்தாள். மறுபடி எட்டாகக் கிழித்தாள். அவர் "ஏம்மா, ஏம்மா!" என்று பதறிக்கொண்டிருக்கும்போதே கக்கத்துக் கட்டையும் பிடித்து இழுத்தாள். காகிதங்கள் தரை முழுக்கச் சிதறின.

"எல்லாரும் பாருங்க!" அவள் குரல் உருளைச் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய குரல். வார்டு அலுவலகம் அதைத் தாங்காது. "வரிப் பணம் வரிப் பணம்னு நிக்கறீங்களே, உங்க கையெழுத்து எவனுக்குப் போகுதுன்னு பாருங்க! இந்த ஆளு அறுபது வீட்டை வாயில போட்டுக்கக் காத்திருக்கான். அதுக்கு நீங்க மென்னு குடுக்கறீங்க! வாத்தியாரய்யா, நீங்க செருப்பு மாத்தாம நடந்தது நிஜம். அதுக்காக இவங்க பிள்ளைங்க தெருவுல நிக்கணுமா? நான் நின்னேன். மழையில நின்னேன். ஒருத்தன் பொழைக்கலயே, எங்க வீடு போனதால ஊருல ஒருத்தன் பொழைக்கலயே!"

குமாஸ்தா எழுந்து "அம்மா, சத்தம் போடாதீங்க" என்றார். காவலாளி வந்தார். அவள் காவலாளியின் கையைத் தட்டிவிட்டு நேராக இடப்பக்க ஜன்னலுக்குப் போனாள். வரிசையில் இருந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள். உறையிலிருந்த காகிதத்தை எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினாள்.

"ரத்த சொந்தம். எங்கே கையெழுத்துப் போடணும்?"

குமாஸ்தாப் பெண் படித்துக் காட்டினாள். உதவ இயலாத நிலையில் இருக்கிறீர்களா? சேமிப்பு ஏதாவது உண்டா?

"மகள் நர்சிங் படிக்கணும்னு கொஞ்சம் போட்டு வச்சிருக்கேன். அதைத் தரமாட்டேன். அதையும் எழுதிக்கோங்க. அப்புறம் ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. இந்தப் பணம் யாரு கைக்குப் போகுது?"

"இவங்க கைக்கு வராதும்மா. நேரா பேங்குக்குப் போயிரும்."

"பேங்கு எவ்வளவு விட்டுக் குடுக்குது? வட்டியில கொஞ்சம்?"

குமாஸ்தாப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணும் இல்லம்மா."

"நல்லா இருக்கு," என்றாள் மடிப்பக்கா. கையெழுத்துப் போட்டாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல அழுந்தியது.

வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தவளைத் தம்பி ஓடிவந்து மறித்தான். கன்னமெல்லாம் ஈரம்.

"அக்கா… அன்னிக்கு நான் பேசினது…"

"பேசாதே. அன்னிக்கு வீட்டுல கேட்டேன், சொல்லல. கையெழுத்தை வாங்கினப்புறம் சொல்றது மன்னிப்பு இல்லடா. ரசீது."

"அப்படியெல்லாம் இல்லக்கா. நிஜமாவே மனசுலேர்ந்து…"

"நிஜமாவா? அப்போ உள்ளே போ. உன் சங்கத்து ஆளுங்க ரெண்டு பேரு இன்னும் அந்தப் பக்க வரிசையிலதான் நிக்கறாங்க. அன்னிக்கு நூறு பேரு முன்னாடி பேசினே. இன்னிக்குப் பத்துப் பேரு முன்னாடி பேசு. எங்க அக்காவுக்கு அநியாயம் பண்ணிட்டேன், இவங்களுக்கும் பண்ணாதீங்கன்னு சொல்லு. அப்புறம் வா."

அவன் அலுவலகக் கதவைத் திரும்பிப் பார்த்தான். இருபது அடி தூரம்தான். உள்ளே சங்கத்து ஆட்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவன் கால் ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். மதிய ஷிப்டுக்காவது போனால் அரை நாள் கூலி மிஞ்சும்.

இருபது நாள் கழித்துத் தம்பி பெண்டாட்டி மறுபடி சரக்கு வாசலுக்கு வந்தாள். இந்த முறை மடிப்பக்கா உடனே போனாள்.

"கிடைச்சிருச்சு அண்ணி. ஒன்றரை வருஷத்துக்கும். நோட்டீசைக் கிழிச்சுட்டாங்க."

"சந்தோஷம்மா. நல்லா இருங்க."

"ஒருநாள் வீட்டுக்கு வாங்க அண்ணி. பிள்ளைங்க அத்தை அத்தைன்னு கேக்குதுங்க."

"வர்றேன். உனக்காக வர்றேன். அவன் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போனாள். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். இரண்டும் அவள் மடியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டன. மூத்தவள் தன் பள்ளிக்கூடச் சட்டையைக் கொண்டு வந்து காட்டினாள். மடிப்பு எடுத்தது சரியில்லை என்று மடிப்பக்கா அதைப் பிரித்து மறுபடி மடித்துக் கொடுத்தாள். தம்பி பெண்டாட்டி தேநீர் கொண்டு வந்தாள். ஏலக்காய் போட்டு, நல்ல திக்காக.

பாதி குடித்திருக்கும்போது வெளியே சைக்கிள் வந்து நிற்கிற சத்தம். ஸ்டாண்டு போடுகிற சத்தம். தம்பி பெண்டாட்டியின் முகம் வெளுத்தது.

"சாயங்காலம்தான் வருவேன்னாரு அண்ணி. சத்தியமா எனக்குத் தெரியாது."

"அதுக்கு நீ என்ன பண்ணுவே? உக்காரு."

கதவு திறக்கவில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பை அவன் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக அவன் நிழல் மட்டும் தெரிந்தது. ஒருமுறை கதவு வரைக்கும் வந்தது. பிறகு பின்வாங்கி, வெளிச் சுவரோரம் வெயிலிலேயே நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. இளையவன் எழுந்து கதவைத் திறக்கப் போனான். தம்பி பெண்டாட்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அவள் கண்கள் மடிப்பக்காவையே கெஞ்சிக்கொண்டிருந்தன.

மடிப்பக்கா மிச்சத் தேநீரை அவசரமில்லாமல் குடித்து முடித்தாள். டம்ளரை அவளிடம் நீட்டினாள்.

"நல்லா இருக்கும்மா. இன்னொரு டம்ளர் போடு."